வேரும் வழக்கும்: ஆங்கிலச் சொல்வளம் குறித்துச் சில எண்ணங்கள்

தமிழ்வழியில் பயின்று, தமிழகத்துக்கு வெளியே ஆய்வுக்குச் சேரும் மாணவர்களுக்கு முதல் ஆண்டில் நேரும் இடர் ஒன்றுண்டு. கருத்து உள்ளத்தில் இருக்கும். அதற்குரிய ஆங்கிலச் சொல் நாவுக்கு வாராது. கருத்தரங்கில் வாய் திறவாதவரைச் சிந்தனை அற்றவர் என்று அவை எளிதில் முடிவுகட்டிவிடுகிறது. தில்லியில் நானும் அத்தகைய மௌனத்தைக் கடந்தே வந்தேன். "அக்கா, எந்தச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யலாம்?" என்று விடுதியில் இளைய ஆய்வாளர்கள் வினவும்போதெல்லாம் நான் கூறும் விடையை இங்கே எழுதிவைக்கிறேன்.

பட்டியல் வேண்டா. ஒரு சொல்லின் வேரையும் அதன் வழக்கையும் சேர்த்துக் கற்றால் போதும்.

ஆங்கிலம் அடுக்கடுக்காக வளர்ந்த மொழி. அடித்தளம் ஜெர்மானியம், 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் குடியேறின, அறிஞர்கள் வழியே இலத்தீனும் கிரேக்கமும் வந்து சேர்ந்தன. ஆகவே ஒரே செயலுக்கு 'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்டராகேட்' என மூன்று சொற்கள் மூன்று தகுதிகளில் நிற்கின்றன. இது நமக்குப் புதிதன்று. கேட்டல், வினவுதல், விசாரித்தல் ஆகியவற்றுள் எதை எங்கே ஆள்வது என்பதை எவரும் கற்பிக்காமலே நாம் அறிவோம். அந்தச் செவியுணர்வை ஆங்கிலத்துக்கும் பழக்குவதே நம் பணி.

வேரிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் 'ஸ்பெக்' என்பது பார்த்தலைக் குறிக்கும் வேர். உள்ளே நோக்குவது 'இன்ஸ்பெக்ட்', பின்னோக்குவது 'ரெட்ராஸ்பெக்ட்', சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர் 'சர்க்கம்ஸ்பெக்ட்', ஊடுருவி நோக்கும் கோணம் 'பெர்ஸ்பெக்டிவ்'. ஒரு வேரை அறிந்தவர் பத்துச் சொற்களுக்கு வாயிலைத் திறந்துகொள்கிறார்.

ஆய்வேடுகளில் மிகுதியும் குழப்பம் விளைவிக்கும் இணை 'இம்ப்ளை', 'இன்ஃபர்'. முன்னதன் வேருக்கு மடித்தல் என்று பொருள். எழுதுபவர் ஒரு கருத்தைச் சொல்லாமல் உள்ளே மடித்து வைக்கிறார்; அதுவே 'இம்ப்ளை'. மடிப்பை விரித்துக் காட்டினால் அது 'எக்ஸ்ப்ளிசிட்'. பின்னதன் வேரான 'ஃபெர்ரே' என்பதற்குக் கொண்டுசெல்லுதல் என்று பொருள். 'டிரான்ஸ்ஃபர்', 'ரெஃபர்' ஆகியனவும் அதன் கிளைகளே. சான்றுகளிலிருந்து முடிவுக்குத் தம் அறிவைக் கொண்டுசெல்பவர் வாசகர், அது 'இன்ஃபர்'. தரவு ஒன்றை 'இம்ப்ளை' செய்யலாம். 'இன்ஃபர்' செய்வது ஆய்வாளர் மட்டுமே. இதற்கு நிகரான 'உய்த்துணர்தல்' என்னும் தமிழ்ச்சொல்லிலும் 'உய்த்தல்' என்பது கொண்டுசெலுத்துதலையே குறிக்கிறது. நன்னூல் கூறும் 32 உத்திகளுள் 'உய்த்துணர வைப்பு' ஒன்று. வாசகர் தாமே உணருமாறு விட்டுவைக்கும் அந்த உத்தியை அறிந்தவருக்கு இவ்விரு ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு ஒருபோதும் மறவாது.

மற்றோர் இணை 'டிஸ்இன்ட்ரஸ்டட்', 'அன்இன்ட்ரஸ்டட்'. 'இன்ட்ரஸ்ட்' என்பதற்குத் தமிழில் நலன், ஆர்வம் என இரு பொருள்கள். சொந்த நலன் கலவாதவர் முன்னவர். ஆர்வமே அற்றவர் பின்னவர். அறிவியலின் அறநெறிகளுள் ஒன்றாக ராபர்ட் மெர்டன் 1942-இல் சுட்டியது முதல் வகைப் பண்பையே. உங்கள் ஆய்வேட்டை மதிப்பிடுபவர் முன்னவராக இருத்தல் நலம்; பின்னவராக இருந்தால் இடர்தான்.

ஆயினும் வேர் ஒன்றே பொருளை முடிவுசெய்யும் என்று கருதலாகாது. 'நைஸ்' என்பதன் இலத்தீன் மூலத்துக்கு அறியாதவர் என்று பொருள். இன்றோ அது பாராட்டு. நம் மொழியிலும் 'நாற்றம்' ஒரு காலத்தில் மலரின் மணத்தையும் குறித்தது; இன்று அப்படிச் சொன்னால் மலர் சூடியவர் சினம் கொள்வார். 'டிஸ்க்ரீட்' என்று ஒரே ஒலியுடைய இரு சொற்கள் ஒரே வேரில் பிறந்தவை. இறுதி எழுத்துகளின் வரிசை மாறினால் ஒன்று கமுக்கம் காக்கும் பண்பையும் மற்றொன்று தனித்தனியாய்ப் பிரிந்த நிலையையும் குறிக்கும். இங்கே வேர் உதவாது. வழக்கையே நாட வேண்டும்.

சில சொற்களில் வேரை அறிவது பொறுப்பையும் உடன் கொணர்கிறது. பன்னாட்டு அரசியல் நூல்களில், ஒதுக்கப்பட்ட நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுவது இயல்பாகிவிட்டது. மாக்ஸ் வெபர் யூதர்களைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். ஹன்னா அரெண்ட் 1944-இல் தம் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்தார். இதன் மூலம் பறையர் என்னும் தமிழ்ச்சொல்; பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய பெயர். உயிரோடு வாழும் ஒரு மக்களின் பெயர், ஆங்கிலத்தில் விலக்கப்பட்டவர் என்னும் பொதுச்சொல்லாகச் சுருங்கிவிட்டது. அகராதி அதை ஒரு வரியில் கடந்துபோகும். நாம் அவ்வாறு கடக்க இயலாது. வகுப்பில் அச்சொல் எழும்போது அதன் வரலாற்றைக் கூறும் தகுதி தமிழறிந்த மாணவருக்கு உண்டு. மௌனமாக இருப்பவர் என்று கருதப்பட்டவர் அவைக்குக் கற்பிக்கும் தருணம் அது.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது எளிது. நாளொன்றுக்கு ஒரு சொல் போதும். ஒரு குறிப்பேட்டில் அதன் வேர், அவ்வேரில் கிளைத்த மூன்று சொற்கள், அதனோடு குழப்பப்படும் இணைச்சொல் ஆகியவற்றை எழுதுங்கள். பின்னர் அச்சொல்லை உங்கள் ஆய்வுப்பொருள் பற்றிய ஒரு வாக்கியத்தில் ஆளுங்கள். நிகரான தமிழ்ச்சொல்லையும் அருகில் எழுதுங்கள். ஓராண்டு முடிவில் 365 சொற்களும் அவற்றின் கிளைகளும் உங்களிடம் சேர்ந்திருக்கும். தமிழை விட்டுவிட்டால்தான் ஆங்கிலம் வரும் என்று உங்களிடம் எவரேனும் கூறியிருந்தால், அக்குறிப்பேட்டை அவரிடம் காட்டுங்கள்.