அமுக்கியும் நிக்காத சிவப்பு பட்டன் (த்ரெட்)

மயக்க மருந்து டாக்டருக்கு வீட்டுல எதுக்கு மரவேலைப் பட்டறைன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. நைட் டியூட்டி முடிஞ்சு வந்தா தூக்கம் வராது, அதான். ஆனா இன்னைக்கு சொல்லப்போறது வேற. வீட்டுல சுத்துற மெஷின் எது வெச்சிருந்தாலும் கடைசி வரை படிங்க.

கார் ஷெட்டுல ஒரு பழைய சிஎன்சி ரவுட்டர் இருக்கு. தெரியாதவங்களுக்கு: கம்ப்யூட்டர் சொல்ற பாதையில ஒரு மோட்டார் நகரும், அதுல மாட்டின பிட் வேகமா சுத்தி பலகையைச் செதுக்கும். கோயமுத்தூர்ல ஒரு போர்டு கடையை மூடும்போது வாங்கினது. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர், பழைய பிரிண்டர் போர்ட் வழியா கனெக்‌ஷன். ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

போன மழைக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. பையன் பத்தாவது. அவன் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு ஒரு பலகை ஓடுது. பாதியில கம்ப்யூட்டர் ஹேங் ஆகிடுச்சு. நகர்றது நின்னுது. பிட் மட்டும் ஒரே இடத்துல சுத்தி, மரம் கருகி புகை. சிவப்பு பட்டனை அமுக்கினேன். ஒண்ணும் ஆகல. திரும்ப அமுக்கினேன். அதுக்குள்ள பையன், எதிர்ப்பக்க பிளக்கைப் பிடுங்க மெஷின் மேலயே கையை நீட்டிட்டான். பிட்டுக்கும் அவன் முழங்கைக்கும் நாலு விரல் இடைவெளி. நான் கத்தின கத்துல அவங்கம்மா மாடியில இருந்து ஓடி வந்தாங்க. அடி எதுவும் படல. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல.

மறுநாள் ஒயரைப் பிரிச்சுப் பார்த்தேன். அந்த பட்டன் கரண்டை நிறுத்தவே இல்லை. கம்ப்யூட்டருக்கு ‘நிறுத்து’ன்னு சேதி அனுப்பும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரே செத்துக் கிடந்தா சேதி யாருக்கு?

வெட்கமா இருந்துச்சுங்க. என் தொழில்ல இது அரிச்சுவடி. நாங்க படிச்ச மயக்க மருந்து மெஷின்ல ஆக்சிஜன் அழுத்தம் குறைஞ்சா ஒரு விசில் ஊதும். அந்த விசிலுக்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், மிச்சமிருக்குற ஆக்சிஜன் அழுத்தத்துலயே ஊதும். கூடவே நைட்ரஸ் ஆக்சைடும் தானா அடைபடும். இதை ஜூனியர்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுக்குறவன் நான்.

அதனால அப்கிரேட். எக்ஸ்பிக்கு விடை கொடுத்துட்டு, யுஎஸ்பில ஓடுற ஜிஆர்பிஎல் போர்டு போட்டேன். தேய்ஞ்ச நட்டை மாத்தினேன், ஆட்டம் குறைஞ்சுது. யூடியூப்ல எல்லாரும் இதைத்தான் பேசுறாங்க, விட்டுடுவோம்.

முக்கியமானது கான்டாக்டர். சிவப்பு பட்டனை அமுக்கினா கான்டாக்டர் விடும், மோட்டாருக்குப் போற கரண்ட் நேரா கட். நடுவுல சாஃப்ட்வேர் கிடையாது. வேகம் அடங்க சில நொடி ஆகும், ஆனா நிச்சயம் நிக்கும். முன்னாடியெல்லாம் கரண்ட் போய் வந்தா மெஷின் தானா சுத்த ஆரம்பிக்கும். இப்போ பச்சை பட்டனைத் தொட்டாத்தான் ஓடும். 230 வோல்ட் வேலையில நான் கை வைக்கல, எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். “ரைஸ் மில்லுல காலங்காலமா இதானே சார் போடுறோம்”னு சிரிச்சார்.

ஓரத்துல இருக்குற லிமிட் சுவிட்சையும் சாதாரணமா மூடியே இருக்குற வகைக்கு மாத்தியாச்சு. இனி எலி ஒயரைக் கடிச்சா மெஷின் நிக்கும். பழைய முறையில ஒயர் அறுந்தது அதுக்குத் தெரியவே தெரியாது.

டாக்டரா ரெண்டு வார்த்தை. சுத்துற பிட் பக்கத்துல கையுறை போடாதீங்க, துணியோட சேர்த்து விரலையும் இழுத்துக்கும். அதையும் மீறி விரல் துண்டானா, காயத்தை சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. துண்டை ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணியில வைங்க. ஐஸ் மேல நேரா வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

இப்போ பையன்தான் ஒவ்வொரு தடவையும் முதல்ல மெஷினை வெறுமனே ஓடவிட்டு, சிவப்பு பட்டனை அமுக்கிப் பார்க்குறான். கருகின பலகை ஷெட் சுவத்துல தொங்குது. உங்க மெஷின்லயும் இன்னைக்கே ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. நிக்கலன்னா கமெண்ட்ல சொல்லுங்க, அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்.