ஒரு சின்னத் திருத்தம்

ஆபீஸில் என்னைப் பற்றி ஒரு பெருமை உலவுகிறது. புதிதாகச் சேருகிற பையன்களிடம், “சார் எட்டு நாள் சைக்கிளிலேயே நீலகிரியைச் சுற்றி வந்தவர், தெரியுமா?” என்று அறிமுகப்படுத்துகிறார்கள். நானும் அடக்கமாகச் சிரித்து வைப்பேன். அதில் ஒரு சின்னத் திருத்தம் பாக்கியிருக்கிறது.

‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ 2008-ல் ஆரம்பித்தது. டிசம்பர் குளிரில் எட்டு நாள். பெயர் என்னவோ டூர்தான். ஆனால் வழியில் சில ஏற்றங்களில் கடிகாரம் வைத்து நேரம் எடுப்பார்கள். நேரம் எடுத்துவிட்டால் அப்புறம் என்ன, பந்தயம்தானே!

நான் இதில் மாட்டிக்கொண்டதற்கு ஒரு டாக்டர்தான் காரணம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தார். என் தொப்பையைப் பார்த்தார். “தினம் நடங்க” என்றார். நான் சைக்கிள் வாங்கினேன். எடை எட்டரை கிலோ. விலை, நான் அப்போது வைத்திருந்த மோட்டார் பைக்கை விட ஜாஸ்தி.

ஈரோட்டிலிருந்து அப்பா வந்து பார்த்தார். பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறையிலிருந்து ஈரோட்டுக்கு முப்பது வருஷம் ஜவுளி மூட்டை கட்டி மிதித்தவர். சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கேரியர் எங்க?” என்றார்.

“இதுக்குக் கிடையாதுங்கப்பா.”

“ஸ்டாண்டு? பெல்லு?”

“அதுவும் இல்லீங்கப்பா.”

“கழட்டுனதுக்குக் காசாவது குறைச்சானா?”

ஒரு நாள் நூறு கிலோமீட்டர் மிதிப்பது பெரிய காரியமில்லை. மறுநாள் காலை அதே சீட்டில் மறுபடி உட்காருகிறோமே, அங்கேதான் வீரம் தேவைப்படுகிறது. உடம்பு சேர்த்து வைக்கிற மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான். ஒரு நாள் ஓட்டத்திலேயே காலியாகிவிடும். ராத்திரி பசிக்கிறதோ இல்லையோ, சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் பத்து மணிக்கே கண் இருட்டும்.

சமவெளியில் ஒரு தந்திரம் உண்டு. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றை அவர் தாங்குவார். கால்வாசி உழைப்பு நமக்கு மிச்சம். நாலு நாள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டே ஓட்டினேன். மலை ஏற்றத்தில் இந்தப் பருப்பு வேகாது. மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் போகிறவனுக்குக் காற்றாவது, தடுப்பாவது!

ஐந்தாம் நாள் கல்லட்டி. காலையில் ஊட்டியிலிருந்து பைக்காரா, கூடலூர், தெப்பக்காடு என்று ஜாலியாக இறங்கினோம். இறங்கினால் ஏறித்தானே ஆக வேண்டும்? மசினகுடி 1,000 மீட்டருக்கும் கீழே. ஊட்டி 2,240 மீட்டர். நடுவில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நானும் சைக்கிளுமாகச் சேர்ந்து 92 கிலோ. இதை மேலே கொண்டுபோக ஆயிரம் கலோரிக்கு மேல் வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே கணக்குப் போட்டிருந்தேன். இட்லிக் கணக்கில் இருபது.

பதினேழாவது வளைவில் இருபது இட்லியும் தீர்ந்துவிட்டது. வலது தொடை முறுக்கிக்கொண்டு ‘மாட்டேன்’ என்றது. பின்னாலேயே, கடைசி ஆளைப் பொறுக்கிக்கொள்வதற்கென்று ஒரு வேன் முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

“ஏறிக்கங்க சார். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

ஏறிவிட்டேன்.

உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. இரண்டு வளைவு தாண்டி, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். ஷூவின் அடியில் இருக்கிற கட்டை தார் ரோட்டில் டக், டக் என்று சத்தம் போட்டது. டிரைவர் அவரையும் கூப்பிட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

ராத்திரி அப்பா போன் பண்ணினார். “மலை ஏறுனியா கண்ணு?”

“ஏறிட்டேங்கப்பா.”

“இறங்கித் தள்ளுனியா?”

“...கொஞ்ச தூரம்.”

“அதுல தப்பே இல்லடா. மூட்டையோட நானும் மேட்டுல தள்ளித்தான் ஏத்துவேன். தள்ளறதும் சைக்கிள் ஓட்டறதுதான்.”

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. தொடை வலி பாதி. மீதி என்னவென்று உங்களுக்கே தெரியும்.

மிச்ச நாட்களில் வேன் பக்கம் திரும்பவில்லை. இரண்டு முறை தள்ளினேன். தினமும் கடைசி. பிரான்ஸில் நடக்கிற டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கடைசியாக வருகிறவருக்குச் ‘சிவப்பு லாந்தர்’ என்றே பட்டம் உண்டு. ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குகிற விளக்கு. 1903-ல் நடந்த முதல் பந்தயத்தில் 60 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். கடைசி ஆள் மில்லோஷோ, ஜெயித்த காரேனை விட 64 மணி நேரத்துக்கும் மேல் தாமதம். அத்தனை தாமதத்திலும் மனிதர் முடித்திருக்கிறாரே!

எட்டாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மறுபடி விரித்துப் பிடித்தார்கள். மெடலும் கொடுத்தார்கள். அதை வாங்கத்தான் கை கூசியது.

ஈரோட்டுக்குப் போய் மெடலை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சொன்னேன். “அன்னைக்கு நான் தள்ளலீங்கப்பா. வேன்ல ஏறிட்டேன்.”

அப்பா மெடலைத் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“வேன்ல சைக்கிளை எங்க வெச்சாங்க?”

“மேல கட்டுனாங்க.”

“கீறல் ஏதும் விழலையே?”

“இல்லீங்கப்பா.”

“அப்பச் சரி. அந்தப் பாக்கியை ஒரு நாள் போய் ஏறிட்டு வந்துரு. அதுவரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டும்.”

மெடல் அவருடைய பீரோவுக்குள் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மசினகுடிக்குப் போனேன். பேனர் இல்லை, கடிகாரம் இல்லை, வேனும் இல்லை. 36 வளைவுகளையும் ஏறினேன். அதில் பன்னிரண்டு வளைவு, தள்ளிக்கொண்டு.

இப்போது மெடல் என்னிடம்தான் இருக்கிறது. ஆபீஸில் மட்டும் அந்தப் பன்னிரண்டைச் சொல்லிவிடாதீர்கள்!