பழைய கோவாவில் ஒரு தபசுகால வெள்ளி

நம் பாட்டன்மார் தபசுகாலம் என்று வழங்கிய நாற்பது நாள் நோன்பை இக்காலத்தார் தவக்காலம் என்கின்றனர். சாம்பற் புதனன்று நெற்றியில் சாம்பல் இட்டுக்கொள்வதில் தொடங்கி ஈஸ்டர் பெருநாள் வரை அது நீளும். அந்நாட்களில் கத்தோலிக்க இல்லங்களில் புலால் குறையும். மங்கல காரியப் பேச்சு எழாது. வெள்ளிதோறும் கோவிலில் சிலுவைப்பாதை நடைபெறும். தாயகத்துக் கடற்கரை ஊர்களில் இவற்றை ஊரே ஒன்றுகூடிச் செய்யும். மும்பையிலோ மின்சார ரயிலின் நெரிசலில் நின்றவாறே வெள்ளிக்கிழமை கழிந்துவிடுகிறது. எனவே நாங்கள் ஐந்து குடும்பத்தார் சேர்ந்து, இவ்வாண்டுத் தபசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையையேனும் முழுமையாக நோன்பிற்கு ஒதுக்குவதென முடிவு செய்தோம்.

மும்பைக் கத்தோலிக்கரிடையே பெரிய வியாழன் இரவில் ஏழு கோவில்களைச் சந்திக்கும் வழக்கம் உண்டு. இதன் வேர் உரோமை நகரில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த அர்ச். பிலிப்பு நேரி என்பவர் இளைஞர்களைத் திரட்டி, பாடியும் செபித்தும், வழியில் கூடியிருந்து உண்டும், நகரின் ஏழு பேராலயங்களைக் கால்நடையாகச் சுற்றி வருவார். பழைய வழக்கமொன்றிற்கு அவர் புத்துயிர் அளித்தார் என்பர். நாங்களும் ஏழு கோவில்களையே நாடினோம். ஆனால் இடம் பழைய கோவா. கொங்கண் கன்யா விரைவு வண்டியில் இரவு ஏறிக் காலையில் கர்மலி நிலையத்தில் இறங்கினால் பழைய கோவா அருகிலேயே இருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். கோவாவில் ‘பழைய கோவா’ என்று பொருள்படும் ஊர்கள் இரண்டு உள்ளன. மாண்டவி ஆற்றங்கரையில் பெருங்கோவில்கள் நிற்பது வெல்ஹா கோவா. சுவாரி ஆற்றுப் பக்கமாக, கடம்ப மன்னரின் துறைமுக நகர் இருந்த இடம் கோவா வெல்ஹா. பின்னதிலும் தபசுகாலச் சிறப்பொன்று உண்டு. ஐந்தாம் ஞாயிற்றை அடுத்த திங்களன்று பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையாரின் மரபுப்படி அர்ச்சியசிஷ்டவர்களின் சுரூபங்களை வரிசையாகத் தோளிற் சுமந்து ஊர்வலம் வருவர். அதைக் காண விரும்பும் அன்பர்கள் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லி ஆட்டோவில் ஏறிவிடாதிருப்பாராக!

முதலில் மொந்தே சாந்தோ என்னும் திருக்குன்றின்மேல் உள்ள செபமாலை மாதா கோவிலுக்குச் சென்றோம். 1510-இல் கோவாவைக் கைப்பற்றிய அல்புகெர்க்கின் நேர்த்திக்கடனாக எழுந்தது எனப்படும் இக்கோவில் சிறியது; கோட்டையைப் போல் உருண்டு திரண்ட தூண்களை உடையது. உள்ளே எவரும் இல்லை. சிலுவைப்பாதையின் முதல் இரு தலங்களை அங்கே செபித்தோம்.

எதிரே அர்ச். அகுஸ்தீனார் மடத்தின் இடிபாடுகள். வேறெங்கும் தங்கிய நேரத்தைவிட இங்கே நாங்கள் நின்ற நேரம் மிகுதி. 46 மீட்டர் உயர்ந்திருந்த கோபுரத்தில் பாதியே இன்று நிற்கிறது. 1835-இல் போர்த்துகல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது; மடம் வெறுமையாயிற்று; 1842-இல் கூரை வளைவு சரிந்தது; 1931-இல் கோபுரத்தின் ஒரு பகுதியும் முகப்பும் வீழ்ந்தன. இப்போது வானமே கூரை. பீடங்கள் இருந்த இடங்களில் புல் முளைத்திருக்கிறது. தரையில் கல்லறைக் கற்கள் வரிசையாகக் கிடக்க, அவற்றின்மேல் கால் படாமல் நடப்பதற்குச் சிறுவர்கள் துள்ளித் துள்ளிச் சென்றனர்.

இவ்விடிபாடுகளுக்குள் நெடுந்தொலைவிலிருந்து வந்த ஒருவர் உறங்கினார். ஜார்ஜியா நாட்டு அரசி கெத்தேவான் தம் மதத்தைக் கைவிட மறுத்து, 1624-இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் கொல்லப்பட்டார். அகுஸ்தீனார் சபைத் துறவியர் அவருடைய எலும்புகளில் சிலவற்றை இங்குக் கொணர்ந்து அடக்கம் செய்தனர். நம் தொல்லியல் துறையினர் இவ்விடத்தை அகழ்ந்து அவற்றைக் கண்டெடுத்தனர். ஐதராபாத்து ஆய்வுக்கூடத்தில் மரபணு ஆராயப்பட்டது. 2021-இல் இந்திய அரசு அவற்றை ஜார்ஜிய மக்களிடம் ஒப்படைத்தது. ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் அயல்மண்ணில் இருந்துவிட்டு அரசியார் ஊர் திரும்பினார். ஊரைவிட்டு வந்தவர்களாகிய எங்களை இச்செய்தி தொட்டது இயல்பே.

குன்றிலிருந்து இறங்கினால் போம் ஜேசு பேராலயம். 1594-இல் தொடங்கி 1605-இல் அபிஷேகம் செய்யப்பெற்றது. சவேரியாரின் திருவுடல் உள்ள இடமாதலால் கூட்டம் எந்நாளும் உண்டு. தஸ்கனி நாட்டுக் கோமகன் மூன்றாம் கோசிமோ அனுப்பிய பளிங்கு மேடை, அதன்மேல் கோவாத் தட்டார்கள் செய்த வெள்ளிப் பேழை. 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தவரின் உடல் 1554-இல் இங்கு வந்து சேர்ந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை பேழையை இறக்கி மக்களுக்குக் காட்டுவர்; அண்மையில் 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை அது நிகழ்ந்தது. தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்தவர் இவர். 1542-இல் அங்குச் சென்று, ஊர்மக்கள் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து ஓதினார். எங்கள் குழுவில் மூத்தவரான பாட்டியம்மாள் அக்கரையைச் சேர்ந்தவர். அவர் பேழையை நோக்கிக் கைகூப்பி, அண்டை வீட்டுப் பெரியவரிடம் நலம் விசாரிப்பவர்போல் ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். காவலாளி நகரச் சொன்னதும் அவர் நகரவில்லை. நாங்களும் அவரை அழைக்கவில்லை.

சாலைக்கு அப்பால் சே பேராலயம். ஆசியாவின் மாபெரும் கோவில்களுள் ஒன்று. 1562-இல் தொடங்கி 1619-இல் கட்டி முடித்தனர். 1776-இல் ஒரு கோபுரம் இடிந்தது. எஞ்சிய கோபுரத்தில் ‘பொன்மணி’ எனப் புகழ்பெற்ற பெருமணி தொங்குகிறது. இம்மணியின் ஓசை இனிது என்று எழுதாத வழிகாட்டி நூல் இல்லை. அருகிலே சமய விசாரணை மன்றத்தின் மாளிகை நின்றது என்பதைச் சில நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. கோவாவில் 1560 முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை அம்மன்றம் இயங்கிற்று. மதம் மாறியோர் பழைய சடங்குகளைக் கைவிட்டனரா என்று துருவி ஆராய்ந்து, சிறையும் சித்திரவதையும், சிலருக்குத் தீயும் விதித்தது. அத்தகைய மன்றம் வேண்டுமென 1546-இல் சவேரியாரே போர்த்துகல் மன்னருக்கு எழுதியிருந்தார். மாளிகை இன்று இல்லை. தபசுகாலம் பாவத்தை எண்ணிப் பார்க்கும் காலமாதலின், இதனை எண்ணாமல் அவ்வாயிலில் முழந்தாளிடுவது எங்களுக்கு நேர்மையாகத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கும் மறையாது கூறினோம்.

நண்பகல் ஆயிற்று. பங்குனி வெயிலில் செம்புரைக்கல் சுவர்கள் அனல் வீசின. சாலையோரக் கடையொன்றில் கஞ்சி கேட்டோம். கொங்கணியில் அதனைப் ‘பேஜ்’ என்கின்றனர். புழுங்கலரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும். ஊர்க் கஞ்சியேதான்! கடைக்கார அம்மையார் கொங்கணியிற் பேச, நாங்கள் மராத்தியில் மறுமொழி கூற, தபசுகாலக் கஞ்சி இனிதே முடிந்தது. கோவாக் கோவில்களில் இக்காலத்து மாலைகளில் பாடுபட்ட சுரூபத்தை எடுத்து வலம் வருவதையும், பழைய இலத்தீன் துயரப் பாடல்களைப் பல குரலில் இசைப்பதையும் அவர் வாயிலாகவே அறிந்தோம்.

அர்ச். பிரான்சிஸ் அசிசியார் கோவிலையும், உரோமை அர்ச். இராயப்பர் பேராலயத்தின் சாயலில் குவிமாடம் கொண்ட கயத்தானார் கோவிலையும் பிற்பகலில் முடித்தோம். இரண்டும் அழகியவை, கண்கள் ஏற்கெனவே களைத்திருந்தன.

இனி, நாங்கள் இவ்வூரைத் தேர்ந்ததன் காரணத்திற்கு வருகிறோம். பாட்டியம்மாளின் பையில் ‘வியாகுலப் பிரசங்கம்’ என்ற பழைய நூல் இருந்தது. கிறிஸ்துநாதரின் பாடுகளைத் தமிழில் புலம்பலாக உரைப்பது அது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தபசுகாலத்தில் அதனை இராகத்தோடு வாசிப்பர். பாட்டியம்மாளும் இளமையில் தம் ஊர்க் கோவிலில் கேட்டிருக்கிறார். அந்நூலை எழுதியவர் தமிழர் அல்லர். கோவாக்காரர். ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் என்பது பெயர். 1676-இல், பழைய கோவாவுக்கு நேர் எதிரே மாண்டவியின் நடுவிலுள்ள திவார் தீவில் பிறந்தார்.

அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டுக் குருக்களைத் தம்மில் சேர்ப்பதில்லை. எனவே கோவாக் குருக்கள் சிலர் தாமே ஒன்றுகூடி, ஏழு கோவில் யாத்திரையின் பிலிப்பு நேரி வகுத்த ஒரத்தோரியன் சபை முறையைத் தழுவி, பழைய கோவாவில் புதுமைச் சிலுவைக் குன்றின்மேல் ஓர் இல்லம் அமைத்தனர். அவ்வில்லத்தை நெறிப்படுத்திய யோசேப் வாஸ் அடிகளார் 1687-இல், ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த இலங்கைக்கு ஏழைக் கூலியாள் கோலத்தில் சென்றார். தமிழும் சிங்களமும் கற்றார். 1711-இல் கண்டியில் மறைந்தார். 2015-இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1705-இல், அதே சபையினரான கொன்சால்வெஸ் அடிகளார் இலங்கை சேர்ந்து, 1742-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். புதுமைச் சிலுவை இன்று சே பேராலயத்தினுள் ஒரு சிற்றாலயத்தில் இருக்கிறது. குன்றில் ஏற முதியோருக்கு இயலாமையால், சிலுவையின் முன்னிலேயே அவ்விரு குருக்களையும் நினைந்து செபித்திருந்தோம்.

ஏழாவது கோவிலுக்காக ஆறு கடந்தோம். வைசிராய் வளைவைத் தாண்டிச் சென்றால் படகுத்துறை. கால்நடையாகச் செல்வோருக்குக் கட்டணம் இல்லை. படகில் எங்கள் சிறுமி ஒருத்தி, பத்து வயதினள், வினவினாள்: “பாட்டி, அந்தச் சாமியார் வீட்டில் என்ன பேசுவார்கள்?”

“கொங்கணிதான் அம்மா.”

“பள்ளிக்கூடத்தில்?”

இதற்கு விடை எங்களில் ஒருவர் சொல்ல வேண்டியதாயிற்று. 1684 சூன் திங்களில் வைசிராய் ஓர் ஆணை பிறப்பித்தார்: மூன்றாண்டுக்குள் கோவா மக்கள் தம் தாய்மொழியை விட்டுப் போர்த்துகீசிய மொழியே பேசப் பழக வேண்டும் என்று. அப்போது திவார் தீவுச் சிறுவன் ஜாக்கோமேக்கு வயது எட்டு. தன் மொழிக்குத் தடை விழுந்த ஊரில் வளர்ந்த அப்பிள்ளை, பின்னாளில் பிறர் மொழியைக் கற்று, அம்மொழியார் அழுது செபிப்பதற்குரிய சொற்களை ஆக்கித் தந்தார். வைசிராயின் ஆணை வீட்டு அடுக்களைகளுக்குள் நுழைய இயலவில்லை. கொங்கணி பிழைத்தது, 1987-இல் கோவாவின் ஆட்சிமொழியும் ஆயிற்று.

திவாரின் குன்றுமேல் உள்ள கோவில் மடியில் மகனை ஏந்திய வியாகுல மாதாவுக்கு உரியது, போர்த்துகீசியத்தில் ‘பியெதாதே’. வியாகுலப் பிரசங்கத்தின் ஆசிரியர் வியாகுல மாதாவின் ஊரிற் பிறந்தார் என்பதில் பாட்டியம்மாளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. அத்தீவில் முன்னர் சப்தகோடீஸ்வரர் ஆலயமும் இருந்தது. போர்த்துகீசியர் அதனை இடித்தனர். லிங்கம் ஆற்றுக்கு அப்பால் சென்றது. அங்குள்ள ஆலயத்தைப் புதுப்பிக்க 1668-இல் சத்திரபதி சிவாஜி ஆணையிட்டார். கோவில் அருகே கல்லறைத் தோட்டத்தில் கடம்பர் காலத்துக் கல்வேலைப்பாடு இன்றும் எஞ்சியிருக்கிறது. அங்கும் சற்று நின்றோம்.

மாலை வெயில் தணிந்தபின் கோவில் முற்றத்தில் அமர்ந்தோம். கீழே மாண்டவி, அக்கரையில் தென்னைகளுக்கு மேல் நாங்கள் சுற்றிவந்த கோபுரங்கள். பாட்டியம்மாள் நூலைப் பிரித்து இராகமிட்டு வாசித்தார். முன்னூறு ஆண்டுப் பழந்தமிழ், வடசொற்கள் நிறைந்தது. பெரியோராகிய எங்களுக்கே பாதிதான் விளங்கிற்று. ஒரு பக்கம் முடிந்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நூலைச் சிறுமியிடம் நீட்டினார். அவளுக்கு இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். தமிழ் நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் ஓராண்டாகக் கற்று வருகிறாள். விரலை எழுத்தின்மேல் வைத்து, கூட்டிக் கூட்டி, நான்கு வரி படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிமிடம் ஆனது. கடைசிப் படகு எப்போது என்று கேட்டுவர ஓர் இளைஞரை அனுப்பிவிட்டு, அவள் ஐந்தாம் வரியை முடிக்கும்வரை காத்திருந்தோம்.