சுண்ணாம்புக் கம்பம்

சிங்கப்பூரில் வீதிகளுக்குப் பெயர் இட்டவர்கள் இரு திறத்தினர். ஒரு திறத்தார் நகராண்மை மன்றத்தில் அமர்ந்து பலகை எழுதுவித்தவர்கள். மற்றொரு திறத்தார் அவ்வீதிகளில் தலைச்சுமையோடு நடந்தவர்கள். முன்னவர் இட்ட பெயர்கள் தகட்டில் நின்றன. பின்னவர் இட்டவை வாயில் மட்டுமே நின்றன. வாயில் நின்ற அப்பெயர்களைப் பற்றியே நாம் இவ்வாரம் சிறிது பேச விரும்புகின்றோம்.

ஜொகூர்த் தோட்டமொன்றில் வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவிய முதியவர் ஒருவர் சில திங்களுக்கு முன் நம்மைக் காண வந்திருந்தார். வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்ற தமிழ் இளைஞன் ஒருவனை, "தம்பி, சுண்ணாம்புக் கம்பத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டாராம். "அப்படி ஓர் இடம் சிங்கப்பூரில் இல்லை, தாத்தா" என்று அவன் பணிவாகவே விடையிறுத்தானாம். அப்பொழுது இருவரும் நின்றுகொண்டிருந்த இடமோ சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அருகில்! அவ்விளைஞனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வீட்டில் எவரும் சொல்லாத பெயரை அவன் எங்ஙனம் அறிவான்?

கம்பம் என்பது ஈண்டுத் தூணன்று. கம்போங் என்னும் மலாய்ச் சொல்லே நம்மவர் நாவில் கம்பமாயிற்று. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் சிராங்கூன் சாலையோரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் பக்கத்திலேயே குடிசை கட்டி வாழ்ந்தமையால், அவர்கள் இருந்த இடம் சுண்ணாம்புக் கம்பம் ஆயிற்று. 1881-ம் ஆண்டில் நிலம் வாங்கப்பெற்று எழுந்த வீரமாகாளியம்மன் கோயிலையும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே மக்கள் வழங்கினர்.

சுண்ணாம்பு சுடுவது எளிய தொழிலென்று எண்ண வேண்டா. கடலிலிருந்து வந்த சிப்பியையும் பவழக் கல்லையும் விறகோடு அடுக்கி அனல் மூட்ட வேண்டும். வெந்த பின் நீர் தெளித்துப் பொரியவிட வேண்டும். பிறகு சலிக்க வேண்டும். நீர் பட்டதும் அது கொதித்துப் புகையும். கையிலும் காலிலும் வெடிப்பு, கண்ணில் எரிச்சல், மூச்சில் தூள். காளவாய்க்குள் கருகியவன் வெளியே வந்தால் வெள்ளையாய் நிற்பான். அவ்வேலையில் அதுவொன்றுதான் வேடிக்கை.

அந்நாளையக் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு எத்துணை வேண்டியிருந்தது என்பதற்குச் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் ஒன்றே போதும். 1861-ல் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்ற அக்கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். 1825-ம் ஆண்டில் பெங்கூலனிலிருந்து கொண்டுவரப்படத் தொடங்கி, 1873-ல் சிறை மூடப்படும்வரை, இப்பட்டணத்தின் சாலைகளையும் பாலங்களையும் மாளிகைகளையும் அமைத்தவர்கள் அவர்களே. தேவாலயத்தின் உட்சுவருக்கு அவர்கள் பூசியது சென்னைச் சாந்து. மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, வெல்லம் இவற்றை நன்றாய் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துப் பூசி, உலர்ந்த பின் உருண்டைக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சிராங்கூன் சாலையிலிருந்த அரசாங்கச் சூளையில் கைதிகள் அறுத்த செங்கல்லுக்கு 1867-ல் ஆக்ராக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. பதக்கம் யார் கழுத்தில் ஏறியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இது நிற்க. அதே சாலையில் மாட்டு வணிகம் தழைத்த காலமும் உண்டு. ரோச்சோர் ஆற்றின் நீரும் புல்வெளியும் அதற்கு வாய்ப்பாயின. மலாயர் அவ்விடத்தைக் கண்டாங் கெர்பாவ், அஃதாவது எருமைக் கொட்டில், என்றனர். கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு, லெம்பு ரோடு என எருமைக்கும் மாட்டுக்கும் தகடு கிடைத்தது. மாட்டு வணிகர் பெலிலியோஸ், இறைச்சி வணிகர் டெஸ்கர் இவர்களுக்கும் ஒவ்வொரு வீதி கிடைத்தது. மாடு மேய்த்தவனுக்கும் பால் கறந்து வீடுவீடாய் ஊற்றியவனுக்கும் ஒரு சந்தும் கிடைத்திலது. ஆயினும், பலகைகளில் தமிழர் பெயரே இல்லையென்று புலம்புவாரோடு நாம் சேரோம். டாக்டர் வீராசாமியின் பெயரால் ஒரு வீதி அங்கேயே இருக்கின்றது. நமது குறை வேறு. உழைப்பால் வந்த பெயருக்கு ஏட்டில் இடமில்லை என்பதே அது.

வாயில் நின்ற பெயர் எப்பொழுதும் தோற்றுவிடும் என்றும் எண்ணற்க. தேக்காவைப் பாருங்கள். தேக்கு மரத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சிறு மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் மொழித் தொடரின் சிதைவே அது. கால்வாய்க் கரையில் அன்று மூங்கில் அடர்ந்திருந்தது. 1915-ல் கட்டப்பெற்ற பழைய சந்தை 1982-ல் சாலையின் எதிர்ப்புறம் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அதே பெயரை மாண்டரின் ஒலிப்பில் ஜூஜியாவ் என்று எழுதி வைத்தார்கள். கீரை விற்ற தமிழ் அம்மையும் மீன் விற்ற சீனக் கிழவரும் அதைப் பொருட்படுத்தவேயில்லை. தேக்கா என்றே சொல்லி வந்தனர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2000-ம் ஆண்டில், பலகையே இறங்கி வந்து தேக்கா ஆயிற்று. எவரும் மனுக் கொடுத்தால்தான் பெயர் பிழைக்கும் என்பாருக்கு இதைக் காட்டலாம்.

சுண்ணாம்புக் கம்பத்துக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. காளவாய் போயிற்று, குடிசை போயிற்று, அவ்வட்டாரம் 1989-ல் லிட்டில் இந்தியா என்னும் பெயரோடு பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று, 2003-ல் அப்பெயரிலேயே இரயில் நிலையமும் வந்தது. அங்கே குடியிருந்த நம் பாட்டன்மார் எவரும் தம் இருப்பிடத்தைச் சின்ன இந்தியா என்று சொன்னதில்லை. வெளியூரிலிருந்து வருவாருக்கு அப்பெயர் விளங்கும் என்பதை மறுக்கவில்லை. அப்பெயரைக் கேட்டால் பூவும் புடவையும் நினைவுக்கு வரும். வெடித்த கையும் காலும் வாரா.

தோட்டப்புறத்து வாசகர்களுக்கு இது புதிதன்று. கம்பெனி ஏட்டில் தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும். வேலைக்காட்டில் தமிழ்ப்பெயர் ஒன்று இருக்கும். பினாங்கு மார்க்கெட் வீதி நம்மவருக்குக் கடைத்தெரு. சிங்கப்பூர் மார்க்கெட் வீதியோ, கிட்டங்கிகளில் பெட்டகத்தோடு செட்டிமார் அமர்ந்திருந்ததால், செட்டித் தெரு. கிட்டங்கிகள் இடிபட்டு இன்று அவ்விடத்தில் மாடமாளிகைகள் நிற்கின்றன. தோட்டங்களும் பல விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன.

ஆதலின் வாசகர்களை ஒன்று வேண்டுகின்றோம். உங்கள் தோட்டத்துக்கோ வீதிக்கோ பெரியவர்கள் வழங்கிய தமிழ்ப்பெயர் யாது, அஃது எதனால் வந்தது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்புங்கள். ஜொகூர் முதியவர் தாமறிந்த ஏழு பெயர்களை நமக்குச் சொல்லிச் சென்றார். மற்றவற்றை அவருடைய தமக்கையார் அறிவாராம். அவருக்கு வயது தொண்ணூற்றொன்று. அடுத்த ஞாயிறன்று அவரைக் காண நாம் புறப்படுகின்றோம்.