வழிவிடச் சொன்ன அண்ணன்களுக்கு

யானைக் காவல் பார்க்கும் அண்ணன்களுக்கு,

ஓசூரை அடுத்த சானமாவு காட்டோரத்தில் ராகி போடுகிற குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். கதிர் முற்றும் நாட்களில் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் எங்கள் பக்கம் இறங்கும். நீங்கள் தூக்கம் மறக்கும் நாட்களும் அவைதான்.

அப்படி ஒரு நாள் இரவு எங்கள் கொல்லையில் நான்கு கொம்பன்கள் நின்றன. பட்டாசும் டார்ச்சுமாக ஊரே திரண்டது. நீங்கள் வந்ததும் யானைகள் பக்கம் போகவில்லை. முதலில் எங்களிடம்தான் வந்தீர்கள். இளைஞர்களிடம் தமிழில், பெரியவர்களிடம் தெலுங்கில், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரர்களிடம் கன்னடத்தில் ஒன்றையே சொன்னீர்கள்: "காட்டுப் பக்கம் யாரும் நிக்காதீங்க. அதுங்க திரும்பிப் போக வழி வேணும். சிதறடிச்சா நாளைக்கு நாலு ஊர்ல தேடணும்."

பிறகு இருட்டில் நின்று எனக்குப் பாடம் நடத்தினீர்கள். காதை வீசி, வாலை ஆட்டி மேய்கிறவரை பயமில்லை. காதை விரித்து அசையாமல் நின்றால் நம்மைக் கவனிக்கிறது. வால் விறைத்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டினால் தாக்க வருகிறது. கன்னத்தில் மதநீர் வழிந்திருந்தால் அந்த யானையிடம் எந்தக் கணக்கும் செல்லாது.

தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளை 1,445 படங்களின் துணையோடு ஆராய்ந்து, 2019இல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயிர் நிலங்கள் சூழ்ந்த பகுதிகளில் ஆண் யானைகள் தங்களுக்குள் கூட்டு சேர்ந்து வாழப் பழகியதை அது விளக்கியது. அவர்கள் படங்களில் தேடிய அடையாளங்களை நீங்கள் மனசில் வைத்திருக்கிறீர்கள். காதுக் கிழிசலையும் தந்தத்தின் வளைவையும் பார்த்து, "இவன் போன வருஷமும் வந்தான், ஆளைச் சீண்டமாட்டான்" என்கிறீர்கள். விலங்கின் நடத்தை அறிந்த நிபுணர் என்று உங்களைச் சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

விடியும் முன்னே நான்கும் காட்டுக்குள் போயின. கொல்லையில் ஒரு மூலை போனது. எங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து பைக்கில் வந்த என் மகனைச் சாலையிலேயே நிறுத்திவைத்தது உங்களில் ஒருவர்தான். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பொங்கிவந்த கோபத்தில் அன்று உங்களை ஏசியவர்களில் நானும் ஒருவன். மன்னியுங்கள். இந்த வருஷம் உங்கள் குரல் கேட்டதும் வரப்பில் கூடமாட்டோம். காட்டுப் பக்கத்தை விட்டு விலகி நிற்போம். நன்றி சொல்ல எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

இப்படிக்கு,
சானமாவு காட்டோரத்து விவசாயி