நேற்று கொண்டுவருவேன், மேம்

"வீட்டுப்பாட நோட்டு எங்கே?" என்று தமிழாசிரியை கேட்டார். ஏழாம் வகுப்பின் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். தப்பிக்கும் எண்ணம் முகத்தில் துளியும் இல்லை. "நேற்று கண்டிப்பா கொண்டுவருவேன், மேம்" என்றான்.

வகுப்பு ஒரு விநாடி யோசித்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. ஆசிரியையாலும் அடக்க முடியவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சிரித்தார். ஆனால் அவர் தோள் குலுங்குவதை நாற்பது பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள்.

இடம் தில்லி. தமிழ் சொல்லித் தரும் ஒரு பள்ளி. பையனின் தாத்தா காலத்தில் சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, மற்ற பாடங்களெல்லாம் ஆங்கிலம். இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ‘கல்’ என்று ஒரே சொல்தான். ‘பர்ஸோம்’ என்றால் முந்தாநாள். நாளை மறுநாளும் அதுவேதான். எந்தப் பக்கம் என்பதை வினைச்சொல் சொல்லிவிடும். பையன் மனதில் முதலில் வந்தது ‘கல்’. தமிழில் சொல்லும்போது இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தது தவறானதாகப் போய்விட்டது.

ஆசிரியைக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. தமிழில் முதுகலை முடித்து, கல்யாணமாகி தில்லிக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் அவருடைய பொறுப்பு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இந்த மூன்று வகுப்புகளையும் தனிக் கட்டமாகவே பிரித்திருக்கிறது. பதினொன்றிலிருந்து பதினான்கு வயது. சின்னப் பிள்ளைகள் டீச்சர் சொன்னதை நம்புவார்கள். பெரிய பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகவாவது நம்புவதுபோல் நடிப்பார்கள். இவர்கள் இரண்டையும் செய்ய மாட்டார்கள் என்பது ஆசிரியர்கள் அறையில் அடிக்கடி கேட்கிற புலம்பல். செய்யுளை மனப்பாடமாக ஒப்பிக்க எழுந்திருக்கும் பையன் முதலடியை மகன் குரலில் ஆரம்பித்து மூன்றாமடியை அப்பா குரலில் முடிப்பான். அதன்பிறகு அன்றைக்குப் பாடம் நடத்துவது கஷ்டம்.

திணை, பால் பாடம் ஒவ்வொரு வருடமும் ஒரு திருவிழா. மனிதர்களும் தெய்வங்களும் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று எழுதிப் போட்டால், முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். "குழந்தை அழுகிறதுன்னு புக்ல இருக்கே மேம், அப்ப என் தம்பி அஃறிணையா?" பின்னாலிருந்து பதில் வரும்: "அவன் தம்பியை நான் பாத்திருக்கேன் மேம். அஃறிணைதான்."

தாமதமாக வந்த ஒரு பெண் வாசலில் நின்றபடி, "பஸ் லேட்டா வந்தா, மேம்" என்றாள். யார் வந்தாள் என்று ஆசிரியைக்கு விளங்கவில்லை. இந்தியில் பஸ் பெண்பால், டிரக் ஆண்பால். அவளைப் பொறுத்தவரை பஸ்ஸை ‘அது’ என்பதுதான் மரியாதைக் குறைவு.

எழுத்துகளைப் பற்றியும் வழக்கு உண்டு. "இந்தியில நாலு ‘க’ இருக்கு, தமிழ்ல ஒண்ணுதான். ஆனா ‘ன’ மட்டும் மூணு. இது நியாயமா மேம்?" என்று கேட்டவன் எட்டாம் வகுப்பு. முதுகலைப் படிப்பில் தொல்காப்பியத்தை எழுத்தெண்ணிப் படித்தவருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. மரபுத்தொடரை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னபோது, ‘கம்பி நீட்டுதல்’ என்பதற்கு ஒரு பெண் எழுதினாள்: "எலக்ட்ரீஷியன் எங்கள் வீட்டில் கம்பி நீட்டினார்." ஆசிரியை சிவப்புப் பேனாவை எடுத்தார். "நிஜமா மேம். ஐநூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை" என்றாள். முழு மதிப்பெண் கொடுக்க வேண்டியதாயிற்று.

சாக்குகளிலும் தலைநகரத்துக்கென்று தனி வகை உண்டு. நோட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்றால் வேறு ஊரில் உதை விழும். மத்திய தில்லியில் வீடு என்றால் யோசிக்க வேண்டும். அப்படிச் சொன்ன ஒரு பையனை நம்பாமல் வெளியே நிறுத்திய வாரத்தில்தான், ஆசிரியையின் டிபன் பாக்ஸ் மாடிப்படியிலிருந்து மாமரத்துக்குப் போனது. நவம்பரில் தேர்வு என்றால், காற்று மாசுக் குறியீடு 400-ஐத் தாண்டிவிட்டதா என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரிப்பார்கள். தாண்டினால் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள் என்ற நப்பாசை. அப்படி விசாரித்தவனின் பைக்குள் இன்ஹேலர் இருந்ததைப் பார்த்தபோது ஆசிரியைக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

இதையெல்லாம் அவர் ஒரு பழைய டைரியில் குறித்து வைப்பார். ஆசிரியர்கள் அறையில் வாசித்துக் காட்டுவார். ‘நேற்று கொண்டுவருவேன்’ அந்த வாரத்தின் வெற்றிப்படம். மூன்று நாட்கள் ஓடியது. கணக்கு ஆசிரியர் கேட்டார், விளையாட்டு ஆசிரியர் கேட்டார், அறைக் கதவு திறந்திருந்ததால் தாழ்வாரத்தில் போன பிள்ளைகளும் கேட்டார்கள்.

வகுப்பு அவனுக்குப் பெயர் வைத்தது: ‘கல்லு’. நேற்றும் நாளையுமான அந்த இந்திக் ‘கல்’, தமிழில் பாறாங்கல். இரண்டு மொழியிலும் பொருந்துகிற சிலேடை. பிள்ளைகளின் மூளையை ஆசிரியை உள்ளூர ரசிக்கக்கூடச் செய்தார். இந்தி ஆசிரியைதான் ஒருநாள் தனியாக அழைத்துச் சொன்னார்: "உங்களுக்கு விளையாட்டாக இருக்கிறது. மைதானத்தில் மற்ற வகுப்புப் பையன்கள் கூப்பிடுவது வேறு அர்த்தத்தில்." வட இந்தியத் தெருக்களில் கறுத்த பையனைக் ‘கல்லு’ என்று கூப்பிடுவது வழக்கம். பையன் நல்ல கறுப்பு.

அப்போதுதான் ஆசிரியை கவனித்தார். மூன்று வாரங்களாக அவன் தமிழ் வகுப்பில் வாயே திறக்கவில்லை. கேட்டால் தலையசைப்பு. வற்புறுத்தினால் ஆங்கிலத்தில் ஒரு சொல். எட்டாம் வகுப்போடு தமிழை விட்டுவிடும் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் உண்டு. இவன் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது, மனரீதியாகத் துன்புறுத்தவும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆசிரியை பிரம்பைத் தொட்டதே இல்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரித்தது எந்தக் கணக்கில் சேரும் என்று அன்றிரவு யோசித்தார். அவர் சிரித்ததால்தான் மற்றவர்கள் தாராளமாகச் சிரித்தார்கள். அது மட்டும் தெளிவாக இருந்தது.

அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று தடை போடலாம். போட்டால் அடுத்த பீரியடுக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும். மறுநாள் அவர் கரும்பலகையில் எதையும் எழுதாமல், தில்லிக்கு வந்த புதிதில் நடந்ததைச் சொன்னார். இந்தியில் பெண் ‘ஜாதி ஹூம்’ என்று சொல்ல வேண்டும், ஆண் ‘ஜாதா ஹூம்’. நான் போகிறேன் என்பதில் ஆண் பெண் வேறுபாடு பார்க்காத தமிழிலிருந்து வந்தவர், தெரு முழுக்க ‘ஜாதா ஹூம்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். காய்கறி வண்டியைச் சுற்றி நின்ற பெண்கள் ஒருநாள் சிரித்தார்கள். ஒருத்தி அவரை ‘பாய் சாப்’ என்றாள். அதன்பிறகு ஆறு மாதம் அவர் விரலை நீட்டியே கத்தரிக்காய் வாங்கினார்.

வகுப்பு ஆசை தீரச் சிரித்தது. இந்த முறை அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை. "அந்த ஆறு மாசம் எனக்குப் பேச வராததால் இல்லை, பேசப் பிடிக்காததால்தான் பேசவில்லை" என்றார். பிறகு ‘நேற்று கொண்டுவருவேன்’ என்று எழுதி, இதில் காலத்தைக் காட்டும் சொல் எது என்று கேட்டார். ‘வருவேன்’ என்றார்கள். "அது எதிர்காலம்தானே? அப்படியென்றால் இவன் சொன்னது உங்கள் எல்லோருக்கும் புரிந்ததா, இல்லையா?" புரிந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். வினைச்சொல்லில் அவன் தவறு செய்யவில்லை. மூன்றாவது வரிசையில் மட்டும் எந்தச் சலனமும் இல்லை.

டைரி அதன்பிறகு ஆசிரியர்கள் அறைக்குப் போகவில்லை. பெயர் முற்றிலும் மறைந்துவிட்டதென்று சொல்ல முடியாது. மைதானத்தில் எப்போதாவது கேட்கிறது. வகுப்புக்குள் கேட்பதில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பத்து நாட்களாகியும் ஆசிரியை விடைத்தாள்களைத் திருத்தவில்லை. வீட்டில் விருந்தாளிகள், பிறகு காய்ச்சல். ‘பேப்பர் எப்ப மேம்?’ என்று வகுப்பு நச்சரித்தது. அவர் காரணங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "நேற்று குடுத்துடுவீங்களா, மேம்?"

யாரும் உடனே சிரிக்கவில்லை. எல்லோரும் முதலில் அவனைப் பார்த்தார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "கண்டிப்பா. நேற்று கொடுத்துவிடுகிறேன்" என்றார் ஆசிரியை.

அன்றிரவு நாற்பது தாள்களையும் திருத்தினார். எதிர்காலத்துக்கு எடுத்துக்காட்டு தருக என்ற கேள்விக்கு அந்தப் பையன் எழுதியிருந்தான்: ‘நாளை வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவருவேன்.’

நோட்டு மட்டும் இன்னும் வந்தபாடில்லை.