கடகாமுகத்திலிருந்து

பரதத்தில் நாட்டியாரம்பம் என்றால் இரு கைகளையும் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கை தொங்காமல் நிற்பது. சின்னப் பிள்ளைகள் வந்த வாரத்திலேயே செய்துவிடுவார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து என் வகுப்புக்கு வரும் பெண்களுக்கு அதற்கே மாதங்கள் ஆகலாம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், கையைத் தூக்கும்போது தோலுக்கடியில் கயிறு போல ஒன்று விறைத்து இழுக்கும். மேல்கையின் உட்புறம் மரத்துக் கிடக்கும். டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சரி என்ற பிறகுதான் சேர்ப்பேன். கை கனக்கிறது, வளையல் இறுக்குகிறது என்றால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. வீக்கத்தை முதலில் காட்டிவிட்டு வர வேண்டும்.

தோளைவிடப் பெரிய வேலை கடகாமுகம் என்ற கை முத்திரையில் இருக்கிறது. பல அடவுகள் அங்கிருந்துதான் கிளம்பும்: இரு கைகளும் மார்புக்கு நேரே, உடம்பில் ஒட்டாமல். இவர்களோ ஏற்கெனவே அங்கேதான் கையை வைத்திருக்கிறார்கள். அணைத்துப் பிடித்த ஹேண்ட்பேக், இழுத்துவிட்ட துப்பட்டா, முன்னால் குறுகிய தோள். ஆகவே கடகாமுகம் அவர்களை மிரட்டுவதில்லை. அங்கிருந்து ஒரு கை அலபத்ம முத்திரையாக விரிந்து வெளியே போகும், கண்ணும் கூடவே போகும். அந்த ஒரு தட்டு நேரம் மார்பு மறைப்பில்லாமல் நிற்கும். அடுத்த தட்டில் கை திரும்பிவிடலாம். திரும்ப இடமிருப்பதால்தான் வெளியே போகத் துணிகிறார்கள் என்பது என் எண்ணம். மெதுவான முதல் காலத்தைத் தாண்ட நான் அவசரப்படுவதே இல்லை.

“சந்தோஷமா இருங்க” என்று வகுப்பில் யாரும் சொல்லக் கூடாது. “அழுகை வருது டீச்சர்” என்றால், “வரட்டும்மா, தாளத்தை விட்டுடாதீங்க” என்பேன்.

2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வார நடன வகுப்புக்குப் பின் இத்தகைய பெண்களின் வாழ்க்கைத்தர மதிப்பெண் கூடியிருந்தது. நாற்பது பேர்கூட இல்லாத சிறிய ஆய்வு. அதைக் காட்டி யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். பரதக் கலைஞர் ஆனந்தா சங்கர் ஜெயந்த் 2008இல் இதே நோய் தெரிந்தபின் சிகிச்சைக்கு நடுவிலேயே ஆடியதைச் சொல்லி, “அப்படி ஆடணுமா?” என்று சிலர் பயப்படுவார்கள். அவர் சிறுவயதிலிருந்தே ஆடியவர்; அவருக்கு அது பிறந்த வீடு, உங்களுக்குப் புதுசாகக் குடிவந்த வீடு, மெதுவாகப் பழகுங்கள் என்பேன்.

அவர் துர்க்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். என்னிடம் வருகிறவர்களும் அபிநயத்தில் துர்க்கையைத்தான் கேட்பார்கள் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கேட்பது, ராத்திரி எங்கே போயிருந்தாய் என்று கண்ணனை வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கும் நாயகியை. அவளுக்குக் கோபிக்கவும் தெரியும், கொஞ்சவும் தெரியும். இதைப் பார்க்கப் புருஷன்மாரை அழைத்து வரலாமா என்றுகூட ஒருத்தி கேட்டாள்.